கண் வலி உள்ளவர்கள் மட்டும் தேர் இழுக்க வரவும்

அன்று கண் ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள்: எங்கள் ஊர்த் தேருக்கு முட்டுக்கட்டை போடும் சடையப்பன், அவர் மனைவி பொன்னுத்தாய், தம்பி முத்துக்கருப்பன், கூடக் கட்டை தூக்கும் வெள்ளைச்சாமி, கோட்டையன், பிச்சுமணி, மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர் ஜெயசீலி. தேர் அச்சுக்கு எண்ணெய் விடுகிற நானும் கதவோரம் நின்றேன். ஆக எட்டுப் பேர். மேசைமேல் தேங்காய் அளவில் ஒரு பிளாஸ்டிக் கண் இருந்தது. அதை நான் சேர்க்கவில்லை. கண் மட்டும்தான் வந்திருந்தது, ஆள் வரவில்லை.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். செம்பனேந்தலில் தேரை இழுப்பது ஊர். திருப்புவது சடையப்பண்ணன். ஓடுகிற சக்கரத்துக்கு முன்னால் கட்டையை எந்தச் சாய்வில் கொடுக்கிறாரோ அந்தப் பக்கம் தேர் திரும்பும். போன வருடம் மேல வீதி முக்கில் தேர் கொஞ்சம் அதிகமாகவே இடது பக்கம் போய், தங்கவேலுவின் பஜ்ஜிக் கடைப் பந்தலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"அங்க கடையே இல்லையே" என்றார் அண்ணன்.

தங்கவேலு அவர் எதிரில்தான் நின்றிருந்தார். கையில் கரண்டி, தலையில் மாவு.

தர்மகர்த்தா ஒரே வார்த்தையில் முடித்தார். கண் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னால் இந்த வருடமும் கட்டை சடையப்பனுக்கு. இல்லாவிட்டால் பக்கத்து ஊர் புளியனேந்தல்காரர்களுக்கு. அதைக் கேட்ட நாளிலிருந்து அண்ணன் சோற்றைப் பிசைவதோடு சரி, சாப்பிடுவதில்லை. ஒருவருக்குத் துணையாக நாங்கள் அத்தனை பேரும் போனோம்.

ஏதோ ஒரு கிண்ணத்துக்குள் தலையை விடச் சொல்லி, வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அண்ணன் பொறுமையாக அமுக்கினார். பிறகு டாக்டரம்மா ஒரு தாளைக் காட்டினார். அதன் இடது பக்கம் புகை படிந்த சட்டி மாதிரி கறுத்திருந்தது.

"இந்தக் கறுப்பெல்லாம் உங்களுக்குத் தெரியாத இடம்" என்றார்.

"தெரியலைங்கறதே எனக்குத் தெரியலையே டாக்டரம்மா."

"அதேதான்."

பிளாஸ்டிக் கண்ணைப் பிரித்து ஒவ்வொன்றாகக் காட்டினார். "முன்னால கண்ணாடி மாதிரி இருக்கே, இது கருவிழி. அதுக்குப் பின்னால நிறமாத் தெரியறது ஒரு திரை. திரைக்கு நடுவுல ஒரு ஓட்டை. அதுதான் கண்மணி."

முத்துக்கருப்பன் எழுந்து நின்றுவிட்டான். "ஓட்டையா?"

"ஆமா. வெளிச்சம் உள்ள போற வழி."

"என் மூத்த பொண்ணுக்கு ஓட்டைன்னா பேர் வெச்சிருக்கேன்?"

"உக்காருங்க கொழுந்தனாரே" என்றாள் பொன்னுத்தாய். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க யாரும் இங்க இல்ல."

டாக்டரம்மா மேலே சொன்னார். "கண்ணுக்குள்ள எப்பவும் கொஞ்சம் தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும். கருவிழியும் திரையும் சேர்ற ஓரத்துல சல்லடை மாதிரி ஒண்ணு இருக்கு. அது வழியா வடிஞ்சிரும். அழுதா வருதே, அந்தத் தண்ணி வேற. இது உள்ளேயே இருக்கறது. சல்லடை சரியா வடிக்கலைன்னா உள்ள அழுத்தம் ஏறும். ஏறினா பின்பக்கத்துல மூளைக்குப் போற பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமா கெட்டுப்போகும். இதுக்குப் பேர்தான் கிளாக்கோமா. பத்துலேருந்து இருபத்தொண்ணுக்குள்ள இருக்கணும். உங்களுக்கு இருபத்தெட்டு இருக்கு."

"அழுத்தமா?" என்றான் வெள்ளைச்சாமி. "அப்ப உப்பைக் குறைச்சிரலாம்."

"அது ரத்த அழுத்தம். இது வேற."

"அப்ப உப்பைக் கூட்டலாமா?"

டாக்டரம்மா அவனை ஒரு முறை பார்த்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். "இது பொல்லாத நோய். ஏன்னா ஆரம்பத்துல ஒரு அறிகுறியும் இருக்காது. வலிக்காது. சிவக்காது. எல்லாம் நல்லாத் தெரியற மாதிரியே இருக்கும். பக்கப் பார்வை முதல்ல போகும், ஆளுக்கே தெரியாது. போனது திரும்ப வராது. இருக்கறதைக் காப்பாத்தலாம்."

பிறகு ஒரு சிறிய பாட்டிலைக் கொடுத்தார். "தினம் ராத்திரி ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு விடுங்க. துண்டு தனியா வெச்சுக்குங்க. சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால லேசா அமுக்கிக்கிட்டு ரெண்டு நிமிஷம் இருங்க. ஒரு பாட்டில் ஒரு மாசம் வரும். மாசம் முடிஞ்சதும் வாங்க, பாத்துட்டு தேரைப் பத்திச் சொல்றேன்."

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் கடைசி இருக்கை முழுவதும் நாங்கள்தான். முத்துக்கருப்பன்தான் தொடங்கினான்.

"வெள்ளைச்சாமி, உனக்குக் கண்ணு வலிக்குதா?"

"இல்லண்ணே."

"செவந்திருக்கா?"

"இல்ல."

"எல்லாம் நல்லாத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுதே. அந்தா, போற லாரி நம்பரையே படிப்பேன்."

முத்துக்கருப்பன் அவன் தோளில் கையை வைத்தான். "போச்சுடா."

வெள்ளைச்சாமியின் முகம் வெளுத்தது. "எனக்குமா?"

"டாக்டரம்மா சொன்ன அத்தனையும் உனக்கு அப்படியே பொருந்துதே!"

கோட்டையனைக் கேட்டார்கள். அவனுக்கும் வலி இல்லை. முத்துக்கருப்பன் தன்னையே கேட்டுக்கொண்டான், இல்லை. என்னைக் கேட்டார்கள். பொய் சொல்ல மனம் வரவில்லை. எனக்கும் வலி இல்லை என்று சொன்னேன்.

பிச்சுமணி மட்டும் ஜன்னலோரம் முனகிக்கொண்டிருந்தான். அவன் வலது இமையில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி. "தொட்டாலே உயிர் போகுதுண்ணே. ராத்திரி பூரா தூக்கமில்ல. கண்ணு ரத்தமா செவந்து கெடக்கு."

அத்தனை பேரும் அவனைப் பொறாமையோடு பார்த்தோம்.

"பிச்சுமணி தப்பிச்சுட்டான்" என்றான் கோட்டையன்.

"மதினி, உங்களுக்கு எப்படி?" என்று கேட்டான் முத்துக்கருப்பன்.

"உங்களை எல்லாம் பாத்தாலே எனக்குக் கண்ணு எரியுது" என்றாள் பொன்னுத்தாய்.

"மதினியும் தப்பிச்சாச்சு."

அன்று இரவு அண்ணன் வீட்டில் ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்து தலையை நிமிர்த்தினோம். பொன்னுத்தாய் கத்திப் பார்த்தாள். "மருந்து அவருக்கு எழுதிக் குடுத்ததுய்யா!"

"தம்பி கண்ணு போறதைப் பாத்துக்கிட்டு நான் மட்டும் விட்டுக்கவா?" என்றார் அண்ணன். அவர் எல்லோருக்கும் விட்டுவிட்டுத்தான் தனக்கு விட்டுக்கொள்வார். மூக்கோரத்தை அமுக்க வேண்டும் என்றார்களே, யார் விரலால் என்று சொல்லவில்லை. ஆகையால் வலது பக்கத்து ஆள் இடது பக்கத்து ஆளின் மூக்கை அமுக்கினான். வரிசையின் கடைக்கோடியில் இருந்த என் மூக்கு கோட்டையனிடம் இருந்தது. அவனுடைய லேசு எல்லோருடைய லேசையும் போல இல்லை.

ஆறாம் நாள் இரவோடு பாட்டில் காலியாகிவிட்டது.

முத்துக்கருப்பன் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான். "மாசம் முடிஞ்சிருச்சு" என்றான்.

"அதுக்குள்ளயா?" என்றான் வெள்ளைச்சாமி.

"ஒரு பாட்டில் ஒரு மாசம். பாட்டில் முடிஞ்சுது. டாக்டரம்மா என்ன பொய்யா சொல்லுவாங்க? இந்தக் காலண்டர்தான் மெதுவா ஓடுது." எழுந்து போய் நாள்காட்டியில் இருபத்துநாலு தாள்களைக் கிழித்தான்; இழுத்த வேகத்தில் அதற்கு மேலும் ஐந்தாறு தாள் கூட வந்துவிட்டது.

பொன்னுத்தாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ரொம்ப நல்லது. தேர்த் தேதியும் இதுல தாண்டிருச்சு. தேர் ஓடிருச்சாக்கும்?"

எல்லோரும் திகைத்துப்போனோம். கோட்டையன் போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தான்.

"தேர் நிலையிலதான் நிக்குது. ஓடிட்டுத் திரும்பி வந்துருச்சு போலருக்கு."

"எதுலயாவது இடிச்சிருக்கா?"

"பஜ்ஜிக் கடையை நல்லாப் பாத்தேன். ஒரு கீறல் இல்ல."

"அப்ப நல்லபடியா ஓட்டியிருக்கோம்" என்றான் முத்துக்கருப்பன்.

அண்ணன் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் கட்டை போட்டது எனக்கு ஞாபகமே இல்லையேடா" என்று விசும்பத் தொடங்கினார்.

"அழாதீங்கண்ணே" என்று தேற்றினான் வெள்ளைச்சாமி. "அழுதாலும் பிரயோசனமில்ல. அந்தத் தண்ணி வேற."

மறுநாள் காலை மாதம் முடிந்துவிட்டதென்று டாக்டரம்மா முன்னால் போய் நின்றோம். அவர் அழுத்தம் பார்த்தார். இருபத்தெட்டிலிருந்து கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. பாட்டில் எங்கே என்றார். வெள்ளைச்சாமி காலி பாட்டிலைக் காட்டி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு மறுபடி மாட்டிக்கொண்டு, எங்கள் நாலு பேரையும் ஒவ்வொருவராக உட்காரவைத்துச் சோதித்தார்.

"உங்க நாலு பேருக்கும் ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுமே இல்லையா?" என்றான் வெள்ளைச்சாமி.

"ஒண்ணுமே இல்ல. எந்த அறிகுறியும் இல்ல."

கோட்டையன் சுவரைப் பிடித்துக்கொண்டான். முத்துக்கருப்பன்தான் தைரியமாகக் கேட்டான். "எங்களுக்கு மருந்து?"

"உங்களுக்கு மருந்தே கிடையாது! இது இவருக்கு மட்டும். இன்னொருத்தர் கண்ணுல ஒரு சொட்டு பட்டாலும் எனக்குக் கோவம் வரும். தேருக்கு நாலு நாள் முந்தி இவரைக் கூட்டிட்டு வாங்க. அம்மா, நாள் கணக்கை நீங்க வெச்சுக்குங்க." கடைசியாகச் சொன்னது பொன்னுத்தாய்க்கு; புதுப் பாட்டிலையும் அவள் கையிலேயே கொடுத்தார். பிச்சுமணியின் கட்டியைப் பார்த்து, களிம்பு எழுதட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம் டாக்டரம்மா" என்று நாலு பேரும் ஒரே குரலில் சொன்னோம். "எங்ககிட்ட இருக்கற ஒரே நல்ல கண்ணு அது."

வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றோம். "மருந்தே கிடையாதாம்" என்றான் முத்துக்கருப்பன். கோட்டையன் வீட்டுக்குப் போய் எருமைக்கு எதிரே உட்கார்ந்து பொழுது சாயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் இருக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்வதாகச் சொன்னான். வெள்ளைச்சாமி, தனக்குப் பிறகு யார் படிக்கப்போகிறார்கள் என்று ரோட்டோரம் நின்று லாரி நம்பர்களைப் படித்தான்.

அண்ணன் விஷயத்தில் மட்டும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பொன்னுத்தாய் சோப்பை நீட்டுவாள், துண்டைத் தனிக் கொடியில் போடுவாள், பாட்டிலை இடுப்பில் செருகிக்கொள்வாள். யாரையும் பக்கத்தில் விடுவதில்லை. தேருக்கு நாலு நாள் முந்திப் போனபோது அழுத்தம் பதினாறு.

அண்ணன் அங்கேயே டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கட்டை போடலாம்" என்றார் அவர். "ஆனா இடது பக்கம் போனது போனதுதான். அதனால உங்களுக்கு பக்கத்துக்கு ஒருத்தர் நிக்கட்டும். அவங்க பாத்துச் சொல்லட்டும், நீங்க கேட்டுப் போடுங்க."

இது தர்மகர்த்தாவுக்கும் சரியாகப் பட்டது.

தேரன்று காலை கயிற்றைப் பிடித்தவர்கள் இருநூற்றைம்பது பேர். கட்டைக்காரர்கள் நாங்கள் ஆறு. ஆக இருநூற்றைம்பத்தாறு. அண்ணன் கட்டையோடு சக்கரத்துக்கு முன் நின்றார். இடது பக்கம் முத்துக்கருப்பன், வலது பக்கம் வெள்ளைச்சாமி.

நாதஸ்வரம் தொடங்கப்போகும் நேரத்தில் முத்துக்கருப்பன் கையைத் தூக்கினான். "ஒரு நிமிஷம். என் பக்கத்தை யார் பாக்கறது?"

நியாயமான கேள்வி. மருந்துள்ள ஆளுக்கே இரண்டு பேர் என்றால், மருந்தே இல்லாத ஆளுக்கு? அவனுக்கு இரண்டு பேர், வெள்ளைச்சாமிக்கு இரண்டு பேர் வைத்தோம். அதில் கோட்டையனும் நானும் போக, கயிற்றிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டோம்.

"உங்களுக்குக் கண்ணு வலிக்குதாய்யா?"

"இல்லையே, நல்லாத்தான் இருக்கு."

"அடப் பாவமே. இவங்களுக்கும் ரெண்டு ரெண்டு ஆள் வேணும்."

இப்படி நாலுக்கு எட்டு, எட்டுக்குப் பதினாறு, பிறகு முப்பத்திரண்டு, அறுபத்துநாலு, நூற்றிருபத்தெட்டு. தேருக்கு இரு பக்கமும் ஊர் வரிசை வரிசையாக நின்றது. கடைசி நூற்றிருபத்தெட்டுப் பேருக்கு நிறுத்த ஆள் இல்லை; அவர்களைச் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கச் சொன்னோம். சுவர்ப் பக்கம் பார்க்க ஒன்றும் இல்லை அல்லவா?

கயிறு தரையில் கிடந்தது. அதன் நுனியில் பிச்சுமணி மட்டும், ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

"அண்ணே, இழுக்கட்டுமா?"

"இழு" என்றார் அண்ணன்.

இழுத்தான். கயிறு நேராயிற்று. அவ்வளவுதான்.

தர்மகர்த்தா தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். "யோவ், உச்சிப் பொழுதுக்குள்ள தேர் முக்கு திரும்பலைன்னா அடுத்த வருஷம் எவன் வந்து நின்னாலும் கட்டை கிடையாது!"

எல்லோரும் கோட்டையனைப் பார்த்தோம். ஏன் பார்த்தோம் என்று தெரியவில்லை. அவனுக்கு அன்று ஒரு யோசனை வந்தது.

"வலி இல்லாதவனைக் கூப்பிட்டாத்தானே அவனுக்கு ஆள் வைக்கணும்? வலி உள்ளவனாப் பாத்துக் கூப்பிடுவோம்."

ஆட்டோவில் மைக்கைக் கட்டிப் புளியனேந்தலுக்கு அனுப்பினோம். "கண் வலி உள்ளவர்கள் மட்டும் செம்பனேந்தல் தேர் இழுக்க வரவும்! கண் நல்லா இருக்கறவங்க தயவுசெய்து வர வேண்டாம்!"

புளியனேந்தலில் அந்த வாரம் மெட்ராஸ் ஐ. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. எங்கேயும் போகக்கூடாது, யாரையும் தொடக்கூடாது என்று வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களுக்கு முதல் முறையாக ஓர் அழைப்பு வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். செக்கச் சிவந்த கண்கள். ஒருவருக்கும் துணை ஆள் தேவைப்படவில்லை. வெள்ளைச்சாமி ஒவ்வொருவரின் கண்ணாடியையும் கழற்றிப் பார்த்து, "அருமையான கண்ணு, அருமையான கண்ணு" என்று உள்ளே அனுப்பினான்.

தேர் அசைந்தது. கீழ வீதி, தெற்கு வீதி தாண்டி மேல வீதி முக்குக்கு வந்தது. தங்கவேலு இந்த வருடமும் கடையை அதே இடத்தில்தான் வைத்திருந்தார். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, இடது பக்கம் கடை!" என்று அலறினான் முத்துக்கருப்பன்.

"எங்கடா? கடையே இல்லையே!"

"நல்லாப் பாருங்கண்ணே!"

அண்ணனுக்கு இடது பக்கம் தலையைத் திருப்ப நேரம் இல்லை, சக்கரம் வந்துகொண்டிருந்தது.

"இல்லைன்னுதான் தெரியுது" என்றார். "அப்ப இருக்கும்."

கட்டையை ஒரே வீச்சில் சாய்த்துக் கொடுத்தார். தேர் கிறீச்சிட்டு வலது பக்கம் திரும்பி, பஜ்ஜிக் கடைக்கு ஒரு முழம் விட்டுத் தாண்டிப்போனது. தங்கவேலு கைகளை இறக்கிவிட்டு முதல் ஈடு வாழைக்காய் பஜ்ஜியை அண்ணனுக்கு அனுப்பினார். பொன்னுத்தாய் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேட்டால் எரிச்சல் என்றாள்.

தேர் நிலைக்கு வந்ததும் புளியனேந்தல்காரர்களும் நாங்களும் கட்டிப் பிடித்துக்கொண்டோம். ஒரே குவளையில் பானகம் குடித்தோம், ஒரே துண்டில் முகம் துடைத்தோம். அண்ணனை மட்டும் பொன்னுத்தாய் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சோப்பைக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் விடிந்தபோது வெள்ளைச்சாமி தெருவில் கூத்தாடிக்கொண்டு வந்தான். இரண்டு கண்ணும் ஒட்டிக்கொண்டு, வீங்கி, தண்ணீராக வடிந்தது. "வலிக்குதுடோய்! எனக்கு வலிக்குதுடோய்!"

முத்துக்கருப்பனுக்கும் வலித்தது. கோட்டையன் எருமையைக் கட்டிக்கொண்டு அழுதான். அதன் முகம் சரியாகத் தெரியவில்லை என்ற சந்தோஷம். எனக்கும் மண்ணை அள்ளிப் போட்டது போல உறுத்தியது. ஊர் முழுவதும் வீட்டுக்கு வீடு பாயசம் வைத்தார்கள்.

ஊரே கண் சிவந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டு டாக்டரம்மா வண்டியில் வந்து இறங்கினார். எல்லோரும் சூழ்ந்துகொண்டோம்.

"எங்க எல்லாருக்கும் வலிக்குது டாக்டரம்மா!" என்றான் முத்துக்கருப்பன். "செவந்திருக்கு! எதுவுமே நல்லாத் தெரியல! கிளாக்கோமா அடியோட போயிருச்சு!"

டாக்டரம்மா வண்டிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "வலிக்காதவங்க யாராவது மிச்சம் இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நான் காலையிலேயே வீடு வீடாகப் போய் எண்ணி வைத்திருந்தேன். சடையப்பண்ணனை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினோம். கண் இரண்டும் பளிச்சென்று இருந்தன. பாவம், தலையைக் குனிந்துகொண்டார்.

"அண்ணனுக்குப் பக்கத்துல தெரியாது டாக்டரம்மா" என்று கோட்டையன் இரக்கத்தோடு விளக்கினான். "அதான் பக்கத்துல நின்ன எங்ககிட்டேருந்து ஒட்டல."

ஆக, எங்கள் ஊரில் கிளாக்கோமா இன்னும் மிச்சம் இருப்பவர்: ஒருவர்.